வீட்டு பியர்ப் போட்டி: 21 வயது ஆகாதவர்களுக்கு என்ன விதி எழுதுவது?

மால்ட்மூட்டை (கேள்வி)

வணக்கம். டெக்சாஸில் எங்கள் ஹோம்ப்ரூ (வீட்டில் பியர் காய்ச்சுவோர்) கிளப் வசந்த காலத்தில் ஒரு போட்டி நடத்துகிறது. பியர், சைடர் (புளிக்கவைத்த ஆப்பிள் சாறு), மீட் (தேனைப் புளிக்கவைத்த மது) மூன்றும் உண்டு. விதிமுறைத் தாளில் வயதைப் பற்றி இதுவரை ஒரே வரிதான்: "21 வயது நிரம்பியவர்கள் மட்டும்." இந்த முறை வந்திருக்கும் விசாரிப்புகளைப் பார்த்தால் அந்த ஒரு வரி போதாது.

ஓர் உறுப்பினரின் 16 வயது மகள் இஞ்சி பக் (இஞ்சியையும் சர்க்கரையையும் புளிக்கவிட்டு வளர்க்கும் கல்ச்சர்) வளர்த்து ஜிஞ்சர் பியர் செய்கிறாள். "ஆல்கஹால் இல்லாததுதானே, சோடாவுக்கு ஒரு பிரிவு திறங்களேன்" என்கிறார் அப்பா. இன்னொரு வீட்டில் 19 வயதுக் கல்லூரிப் பையன் போன வருஷம் போட்ட மீட் இருக்கிறது. அப்பா பெயரில் கொடுத்துவிட்டு, பையனை கோ-ப்ரூவர் (கூடக் காய்ச்சியவர்) என்று போடலாமா என்று கேட்கிறார்கள். மூன்றாவதாக, 17 வயதுப் பையன் ஒருவன் ஸ்டீவர்ட் (நடுவர்களுக்கு உதவுபவர்) வேலைக்கு வருகிறேன் என்கிறான். பள்ளிக்கு வாலண்டியர் மணிக்கணக்கு வேண்டுமாம்.

கிளப்புக்குள்ளேயே ஆளுக்கொரு பேச்சு. கூட்டாட்சி விதியில் 18 என்றுதான் இருக்கிறது என்கிறார் ஒருவர், 21 என்கிறார் இன்னொருவர். டெக்சாஸில் பெற்றோர் முன்னால் பிள்ளை குடிக்கலாம், அப்படியானால் காய்ச்சவும் செய்யலாம் என்கிறார் மூன்றாமவர். எது சரி? சோடா பிரிவு திறந்தால் அதற்கு விதி எப்படி எழுதுவது?

ஹாப்ஸ்கொடி

18, 21 இரண்டுமே சட்டத்தில் இருக்கின்றன. சண்டை அதனால்தான்.

வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு வரிவிலக்கு தரும் சட்டத்தில் அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது அது கூட்டாட்சி விதித் தொகுப்பு 27-இல் பிரிவு 25.205. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் என்றால் வருஷத்துக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ என்றால் 200 காலன் என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். "வயது வந்தவர்" யார் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது: 18 வயது நிரம்பியவர், ஆனால் அந்த ஊரில் பியர் விற்பதற்கான குறைந்தபட்ச வயது அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதல் வயது. 1978-இல் பல மாநிலங்களில் 18, 19 என்று இருந்ததால் அப்படி எழுதினார்கள். பிறகு 1984-இல், 21-க்குக் கீழே விற்க அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைப்போம் என்று கூட்டாட்சி அரசு சட்டம் போட்டது. 1988-க்குள் 50 மாநிலங்களும் 21-க்கு ஏறிவிட்டன. ஆக, 18 என்ற எண் ஏட்டில் உட்கார்ந்திருக்கிறது, டெக்சாஸில் அதற்கு வேலை இல்லை. அது உயிரோடு இருப்பது போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களில்தான்.

மீட்டும் சைடரும் பியர் விதிக்குள் வராது. அவை ஒயின் கணக்கு, பிரிவு 24.75. வயது வரையறை அங்கேயும் அப்படியேதான். போட்டிக்காக வீட்டிலிருந்து வெளியே எடுத்துப்போக இரண்டு விதிகளுமே அனுமதிக்கின்றன, பியருக்கு 25.206-இல் தனியாகவே சொல்லியிருக்கிறது. விற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஆனால் அந்த அனுமதி "இந்த விதியின்படி காய்ச்சிய" பானத்துக்கு மட்டும். 19 வயதில் போட்ட மீட் அந்த விதியின்படி காய்ச்சியதே இல்லை.

டெக்சாஸில் பெற்றோர் கண்ணெதிரே பிள்ளை குடிக்கலாம் என்பது உண்மை. அது குடிப்பதற்கான விலக்கு, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே உள்ளது. காய்ச்சுவதற்கு அது இடம் தரவில்லை. மூன்றாவது ஆளான உங்கள் கிளப்புக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

கோ-ப்ரூவர் யோசனையை முளையிலேயே கிள்ளுங்கள். பதிவு மென்பொருளில் கோ-ப்ரூவர் கட்டம் இருக்கிறது, அதில் பையன் பெயர் ஏறினால், 21 ஆகாதவர் காய்ச்சினார் என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரத்தை நீங்களே சேமித்து வைத்திருக்கிறீர்கள். பெயரைப் போடாமல் அப்பா பெயரில் மட்டும் கொடுத்தால் அது பொய்யான பதிவு. இரண்டு வழியும் வேண்டாம்.

ஸ்டீவர்ட் என்பவர் பாட்டில் திறக்கிறார், ஊற்றுகிறார், மேஜைக்குக் கொண்டுபோகிறார், மிச்சத்தைக் கொட்டுகிறார். 17 வயதுக்கு இதில் எதுவும் சரிப்படாது. பெட்டி வாங்கி பாட்டில்களுக்கு எண் ஒட்டும் வேலையும் மதுவைக் கையாளுவதுதான், அதிலும் போடாதீர்கள். மதிப்பெண் தாள்களை ஸ்கேன் செய்வது, கணினியில் ஏற்றுவது, லேபிள் அச்சிடுவது எல்லாம் தனி அறையில் நடக்கட்டும், அதற்கு அவன் வரலாம். போட்டி நடக்கும் இடம் ஒரு டேப்ரூம் (பியர் ஊற்றி விற்கும் கூடம்) என்றால் 21 ஆகாதவர் உள்ளே வருவதற்கு அவர்கள் லைசென்ஸில் என்ன நிபந்தனை என்று முதலில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடமும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நுரைக்கணக்கு

சட்டத்தை மேலே உள்ளவர் முடித்துவிட்டார். எனக்குக் கவலை அந்த ஜிஞ்சர் பியர்மேல்தான். "ஆல்கஹால் இல்லாதது" என்று அப்பா சொல்வது நம்பிக்கை. கணக்கு வேறு சொல்கிறது.

ஈஸ்ட் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு விடும்போது கூடவே ஒரு மூலக்கூறு எத்தனாலும் விடுகிறது. எடையில் 44-க்கு 46. கார்பனேஷன் அளவை நாம் வால்யூமில் சொல்கிறோம். ஒரு வால்யூம் என்றால் லிட்டருக்குச் சுமார் 1.96 கிராம் கேஸ். அதோடு ஒட்டிப் பிறக்கும் எத்தனால் 2.05 கிராம். எத்தனாலின் அடர்த்தி 0.789 என்பதால் அது 2.6 மில்லி. அதாவது ஈஸ்ட் உண்டாக்கும் ஒவ்வொரு வால்யூம் நுரைக்கும் 0.26 சதவீதம் ஆல்கஹால் கட்டாயம் கூட வரும். இரண்டு வால்யூமில் 0.52. கடையில் கிடைக்கும் சோடா 3.5 முதல் 4 வால்யூம். அந்தச் சுறுசுறுப்பை ஈஸ்ட் வைத்தே கொண்டுவந்தால் 0.9, 1.0 சதவீதம்.

அமெரிக்காவில் மதுபானம் என்ற கோடு 0.5 சதவீதத்தில் விழுகிறது. ஆக, ஈஸ்ட்டால் மட்டும் நுரை ஏறிய சோடா நாக்குக்கு நன்றாக இருக்கிறது என்றாலே அது கோட்டைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையான அளவு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்: இஞ்சி பக் மூடாத ஜாடியில் குமிழி விட்ட நாட்களில் கேஸ் காற்றோடு போய்விட்டது, அதன் ஆல்கஹால் ஜாடியிலேயே நிற்கிறது. லாக்டிக் பாக்டீரியாவும் தன் பங்குக்குக் கொஞ்சம் கேஸ் விடும் என்பதால் கணக்கு மறுபக்கமும் சிறிது தளரும். அந்தத் தளர்வை நம்பி விதி எழுத முடியாது.

இரண்டாவது சிக்கல் பாட்டில். இணையத்தில் சுற்றும் வழக்கமான செய்முறை, 2 லிட்டர் பாட்டிலுக்கு ஒரு கப் சர்க்கரை, கால் டீஸ்பூன் ரொட்டி ஈஸ்ட், பாட்டில் கல்லு மாதிரி ஆனதும் ஃப்ரிட்ஜில் வை என்பது. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை ஆயிற்று. முழுக்கப் புளித்தால் அதிலிருந்து வரும் கேஸ் சுமார் 26 வால்யூம். சாதாரண பியர் பாட்டில் 3 வால்யூமுக்கு மேல் நம்பத் தகுந்தது அல்ல. ஃப்ரிட்ஜ் ஈஸ்ட்டைத் தூங்கவைக்கும், சாகடிக்காது. போட்டிப் பெட்டிகள் ஒரு ஹோம்ப்ரூ கடையின் பின்னறையில் 25 டிகிரியில் பத்து நாள் கிடக்கும். அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிறவர் கண்ணாடி அணிந்திருப்பாரா?

மால்ட்மூட்டை

இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் சொன்னேன். "ஹைட்ரோமீட்டர் ரீடிங் எடுத்துத் தருகிறோம், 0.5-க்குக் கீழே இருந்தால் ஏற்றுக்கொள்வீர்களா" என்கிறார். கொம்புச்சாவுக்கும் (புளிக்கவைத்த தேநீர்) அந்த நுரைக் கணக்கு பொருந்துமா? அதையும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

நுரைக்கணக்கு

திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இந்த அளவுக்கு ஏற்ற கருவி இல்லை. தொடக்க ரீடிங்கிலிருந்து இறுதி ரீடிங்கைக் கழித்து 131.25-ஆல் பெருக்குகிறோம். 0.5 சதவீதம் என்பது 0.004-க்கும் சற்றுக் குறைவான இறக்கம். சாதாரண ஹைட்ரோமீட்டரில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளியே 0.002. வெப்பநிலைத் திருத்தம் விட்டுப்போனாலும், தண்டில் நாலு குமிழி ஒட்டித் தூக்கினாலும் ஒரு கோடு போய்விடும். இஞ்சித் துருவல் மிதக்கும் திரவம் என்றால் சொல்லவே வேண்டாம். ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் உதவாது, ஆல்கஹால் கலந்ததும் அது பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். நம்பத் தகுந்தது ஆய்வகத்தில் காய்ச்சி வடித்து அளப்பது, அல்லது கேஸ் குரோமட்டோகிராஃபி. ஒரு பாட்டில் சோடாவுக்கு அதையெல்லாம் யாரும் செய்யப்போவதில்லை.

கொம்புச்சாவில் நுரைக் கணக்கு உடைந்துபோகும், ஆனால் நமக்குச் சாதகமாக இல்லை. ஈஸ்ட் உண்டாக்கும் ஆல்கஹாலை அசிட்டிக் பாக்டீரியா அமிலமாக்குகிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். துணி கட்டிய ஜாடியில் இருக்கும்வரை இரண்டும் ஓரளவு ஈடுகட்டும். பழச்சாறு கலந்து பாட்டிலில் மூடியதும் காற்று நின்றுவிடும், பாக்டீரியா கை கட்டிவிடும், ஈஸ்ட் மட்டும் தொடரும். 2010-இல் அமெரிக்கக் கடைகளில் கொம்புச்சாவை அலமாரியிலிருந்து எடுக்க வேண்டி வந்ததும், பாட்டிலுக்குள் ஆல்கஹால் 0.5-ஐத் தாண்டுகிறது என்ற சந்தேகத்தால்தான். டிடிபி (மதுபான வரியைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பு) நிலைப்பாட்டில், தயாரிக்கும்போதோ பாட்டிலில் அடைக்கும்போதோ அதற்குப் பிறகோ எந்தக் கட்டத்தில் 0.5-ஐ எட்டினாலும் அது மதுபானக் கணக்கில் வரும். கொம்புச்சாவை 21-க்கு மேற்பட்டோர் பிரிவில் வைத்துவிடுங்கள்.

அளந்து பார்த்து ஏற்பது, தள்ளுவது என்ற வழியே வேண்டாம். செய்முறையை வைத்துப் பிரியுங்கள்: ஈஸ்ட், பக், ஸ்கோபி (கொம்புச்சாவைப் புளிக்கவைக்கும் படலம்), தயிர்நீர் என எந்த உயிருள்ள கல்ச்சரும் சேரக் கூடாது, நுரை வேண்டுமென்றால் சிலிண்டர் கேஸ். இது யாரும் வாக்குவாதம் செய்ய முடியாத கோடு. காய்ச்சிய பியரைக் கொதிக்கவைத்து ஆல்கஹாலை விரட்டி "ஜீரோ பியர்" என்று கொண்டுவருவதும் இதிலேயே அடிபட்டுப்போகும், ஏனென்றால் கொதிக்கவைப்பதற்கு முன்னால் அது பியர்.

நன்னாரிவேர்

சோடா பிரிவைத் திறங்க, நல்லா வரும். ஆனா ஈஸ்ட் இல்லைன்னா ஆபத்தும் இல்லைன்னு விட்டுடாதீங்க, சின்னவங்க பண்றதுல வேற மாதிரி தப்பு வரும்.

கேஸ் ஏத்த கெக் (பியர் பீப்பாய்) எல்லாம் தேவையில்லை. 1 லிட்டர் பெட் (PET பிளாஸ்டிக்) பாட்டில், அதுக்குப் பொருந்துற கார்பனேஷன் மூடி, ரெகுலேட்டர் போட்ட 5 பவுண்ட் சிலிண்டர் போதும். பானத்தை 2, 3 டிகிரிக்குக் குளிர வைக்கணும். வெதுவெதுப்பா இருந்தா கேஸ் கரையவே கரையாது, பல பேர் சறுக்குறது இங்கதான். பாட்டில்ல முக்கால் பங்கு ஊத்தி, கையால நசுக்கிக் காத்தை வெளியேத்திட்டு மூடணும். 30 பிஎஸ்ஐ அழுத்தத்துல இணைச்சு ஒரு நிமிஷம் நல்லாக் குலுக்கணும். ரெகுலேட்டர்ல உறுமுற சத்தம் அடங்கினா கேஸ் போதும்னு அர்த்தம். கால் மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சிட்டுத் திறக்கணும், உடனே திறந்தா கூரை வரைக்கும் அடிக்கும். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பெரியவங்கதான் தொடணும்னு எழுதுங்க. பியருக்குப் பயன்படுத்துற கெக்ல ரூட் பியர் (வேர் வாசனை சோடா) போட்டா ரப்பர் வளையத்துல அந்த வாசனை ஏறி அப்புறம் போகவே போகாது, அதனால பெட் பாட்டில்தான் உங்க உறுப்பினர்களுக்கும் நிம்மதி.

நம்ம வீட்டுப் பிள்ளைங்க பானகம், நன்னாரி, எலுமிச்சை இஞ்சின்னு கொண்டுவருவாங்க. வெல்லத்துலயும் இஞ்சித் தோல்லயும் காட்டு ஈஸ்ட் இருக்கும். பச்சையாக் கரைச்சு மூடி வெச்சா மூணாம் நாள் அதுவே புளிச்சு நுரை தள்ளும். யாரும் ஈஸ்ட் போடலைன்னாலும் நீங்க எழுதின விதி அங்க உடைஞ்சிடும். வெல்லப்பாகோட இஞ்சியையும் சேத்து அஞ்சு நிமிஷம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவெச்சு, எலுமிச்சைச் சாறு கடைசியாச் சேக்கச் சொல்லுங்க. லிட்டருக்கு 80, 90 கிராம் இனிப்பு போதும், அதுக்கு மேல போனா நடுவர் மூணாவது கிளாஸ்லயே நாக்கு மரத்துப்போயிடுவார். சோடா பாட்டில்களைப் பத்து நாள் முன்னாடி வாங்காதீங்க. போட்டி அன்னைக்குக் காலையில ஐஸ் பெட்டியில, 4 டிகிரிக்குக் கீழ, நேர்ல கொண்டுவரணும்.

இன்னும் மூணு விஷயம். ரூட் பியருக்கு ஸஸஃப்ராஸ் வேர்ப்பட்டை காய்ச்சக் கூடாது. அதுல இருக்கிற சஃப்ரோலை எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து அமைப்பு) 1960-லயே உணவுல தடை பண்ணிடுச்சு, கடையில கிடைக்கிற சஃப்ரோல் நீக்கின சாறு சரி. புளிக்காத மால்ட் சாறை, அதான் மால்ட்டா மாதிரி, வீட்டுல பாட்டில்ல அடைச்சுக் கொண்டுவர விடாதீங்க: பிஎச் 5-க்கு மேல, சர்க்கரை நிறைய, காத்து இல்லை, ஃப்ரிட்ஜுக்கு வெளிய வெச்சா பாட்டுலிசம் வரத் தோதான இடம். அதே மால்ட் ஆசை இருக்கிற பிள்ளைக்கு ஹாப் வாட்டர் சொல்லிக் கொடுங்க. கொதிச்சு ஆறின தண்ணியில சிட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 4-க்கு இறக்கி, லிட்டருக்கு 1 கிராம் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தர்ற பூ), ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள், வடிகட்டி கேஸ். மூணாவது டிரை ஐஸ். புகை வருதுன்னு ஆசைப்பட்டுப் பாட்டில்ல போட்டு மூடினா வெடிகுண்டுதான், அரங்கத்துக்குள்ளயே விடாதீங்க.

மதிப்பெண்ணுக்கு பிஜேசிபி (பியர் நடுவர்களுக்குச் சான்று தர்ற அமைப்பு) தாளை அப்படியே எடுக்காதீங்க. 50-ல மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாய் உணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10ன்னு அது பியருக்காக அமைச்சது. சோடாவுக்கு இனிப்பு, புளிப்புச் சமநிலைதான் உயிர், அதுக்குத் தனி வரி வேணும்.

ஒண்டாரியோவிலிருந்து

எல்லைக்கு இந்தப்பக்கம் வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே 21-ஐ அப்படியே நகல் எடுக்காதீங்கோ. ஒண்டாரியோவில் 19, கியூபெக், அல்பர்ட்டா, மானிட்டோபாவில் 18. பல மாகாணங்களில் இருந்து போத்தல் வருகுதெண்டால், போட்டி நடக்கிற மாகாணத்தின் வயது, போட்டியாளரின் மாகாணத்தின் வயது இரண்டில் எது கூடவோ அதை எழுதினால் தலையிடி இல்லை.

மால்ட்மூட்டை

வரைவு எழுதியிருக்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

"பியர், சைடர், மீட், கொம்புச்சா பிரிவுகளில் போட்டி நாளன்று 21 வயது நிரம்பியவர் மட்டுமே பங்கேற்கலாம், கோ-ப்ரூவருக்கும் இதே வயது. இளையோர் சோடா பிரிவு 12 முதல் 20 வயது வரை, 18 ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்துடன். பானத்தில் ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈஸ்ட் முதலான எந்தக் கல்ச்சரும் சேர்க்கக் கூடாது. நுரை சிலிண்டர் கேஸால் மட்டும். 1 லிட்டர் பெட் பாட்டில் இரண்டு, போட்டி அன்று காலை 8 முதல் 9 மணிக்குள் குளிர்ந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும். சேர்மானப் பட்டியல் பாட்டிலுடன் கட்டாயம். சோடா மேஜை தனி அறையில் இருக்கும். அங்கே மதுபானம் வராது."

ஹாப்ஸ்கொடி

நன்றாக இருக்கிறது, மூன்று இடம் மாற்றுங்கள்.

"போட்டி நாளன்று" என்பதை "காய்ச்சத் தொடங்கிய நாளன்று" என்று ஆக்குங்கள். சட்டம் பார்ப்பது தயாரித்தவரின் வயதை. மீட் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கிடக்கும் சரக்கு. போன வாரம் 21 ஆனவர் 20 வயதில் போட்டதைக் கொண்டுவந்தால் உங்கள் வரைவு அவரை உள்ளே விட்டுவிடும். நீங்கள் கேட்ட 19 வயதுப் பையனும் இன்னும் இரண்டு வருஷத்தில் அதே பாட்டிலோடு வருவான். பதிவுப் படிவத்தில் காய்ச்சிய தேதி கேட்டு, உறுதிமொழிக் கட்டம் ஒன்று வையுங்கள்.

0.5 சதவீத வரியை எடுத்துவிடுங்கள். உங்களால் அளக்க முடியாத எண்ணை விதியில் போட்டால், தகராறு வரும்போது அளந்து காட்டு என்பார்கள். கல்ச்சர் கூடாது என்ற வரியே அந்த வேலையைச் செய்கிறது. அதோடு, "பாட்டில் தானாக உப்பியிருந்தால் திறக்காமலே நீக்கப்படும்" என்று ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கேஸ் ஏற்றிய பெட் பாட்டில் எப்படியும் இறுக்கமாகத்தான் இருக்கும் என்பதால், அடிப்பாகம் வெளியே தள்ளிப் பாட்டில் நேராக நிற்காமல் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பரிசு. வரைவில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. போன வருஷப் பட்டியலை நகல் எடுத்தால் இளையோர் பிரிவு வெற்றியாளருக்கு ப்ரூவரி கிஃப்ட் கார்டு போய்ச் சேரும்.

மால்ட்மூட்டை

மூன்றும் மாற்றியாயிற்று. பரிசு கார்பனேஷன் மூடியும் ரெகுலேட்டரும். ஜிஞ்சர் பியர் செய்த பெண் பக்கை விட்டுவிட்டு, கொதிக்கவைத்த இஞ்சிப் பாகில் கேஸ் ஏற்றிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டாள். காரம் குறைகிறதே என்பதுதான் அவள் புகார்.

நன்னாரிவேர்

காரம் குறையறது கொதி நேரத்தால. இஞ்சி ரொம்ப நேரம் கொதிச்சா வாசனை ஆவியாப் போயிடும், காரமும் மங்கும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போக வேண்டாம், மூடி போட்டுக் கொதிக்கவிடட்டும். லிட்டருக்கு 40 கிராம் இஞ்சின்னா 60 ஆக்கச் சொல்லுங்க, துருவாம அரைச்சுப் போடட்டும். அப்பவும் போதலைன்னா பாகு கொதிக்கும்போதே ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் நாலு மிளகும் தட்டிப் போட்டா தொண்டைக்குள்ள நிக்கும். சேர்மானப் பட்டியல்ல மிளகை எழுத மறக்க வேண்டாம்.